ஃபிலிமில் எடுத்த குடும்ப மலையேற்றம்: இன்னும் உறுத்துகிற படம் எது?

மேகமூட்டம்
36 படம் எடுக்கும் ரோல், கேமராவின் படக் கவுன்ட்டர் 36ஐத் தாண்டி 37, 38 என்று ஓடியபோதே சுதாரித்திருக்க வேண்டும். ரோலில் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைப்பது வழக்கம்தானே, யோகம் என்று நினைத்துக்கொண்டேன். 39இல் இருந்தபோது உச்சிக்குக் கீழே கடைசித் திருப்பம். அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்து இடது கால் ஷூவைக் கழற்றினார். உள்ளே கிடந்த பொடிக் கல்லை உள்ளங்கையில் கொட்டி, "காலையிலிருந்து இவரும் நம்மகூடத்தான் ஏறிட்டு வர்றார்" என்று நீட்டிக் காட்டினார். பக்கவாட்டில் வெயில், பின்னால் பள்ளத்தாக்கு முழுக்க மேகம். ஷட்டர் 1/250, லென்ஸ் துளை எஃப் 8, ஃபோகஸ் விரல் நுனியில். அடித்தேன்.

அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்போதுதான் இடது பக்கம், ஃபிலிமைக் கேசட்டுக்குள் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் குமிழைப் பார்த்தேன். ஃபிலிம் ஓடினால் அதுவும் கூடவே சுழல வேண்டும். ஆடவே இல்லை. குமிழைத் திருகிப் பார்த்தேன், கொஞ்சம்கூட இழுவை இல்லை. பின்மூடியைத் திறந்தால் ஃபிலிம் நுனி கேசட் வாயிலேயே கிடக்கிறது. முதல் நாள் காலையிலிருந்து, ஃபிலிமை இழுத்துச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூலில் மாட்டவே இல்லை! நிமிர்வதற்குள் அப்பா ஷூவைப் போட்டு லேஸையும் கட்டிவிட்டார். திரும்பக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. ஆல்பம் எடுக்கும்போதெல்லாம், "அந்தக் கல் படம் எங்கேப்பா?" என்கிறார்.

ரெண்டாம் கண்
உங்களுக்காவது வெறும் ரோல். நான் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்காரன். மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அதில் நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் தனி ஜன்னல் என்பதால் லென்ஸில் மூடி இருந்தாலும் காட்சி பளிச்சென்று தெரியும். மேலே போய் மொத்தக் குடும்பத்தையும் வரிசையாக நிற்க வைத்து, "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று 9 படம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது அண்ணன் மகள் வந்து, "சித்தப்பா, அது ஏன் கண்ணை மூடிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்கு 6 வயது. காலையிலிருந்தே பார்த்திருக்கிறாள், அப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டாளாம்.

குமிழ் பார்
மேகமூட்டம் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இது யோகக்கேடு இல்லை, கவனக்குறைவு. ரோல் போட்டதும் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகச் சுற்றித் தளர்வை எடுத்துவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு லீவருக்கும் குமிழ் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு பார்வை போதும். அந்த ரோலை என்ன செய்தீர்கள், தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

என் கதை சின்னது. பனிமேட்டில் கேமராவின் வெளிச்ச மீட்டர் சொன்னதை நம்பி ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தேன். பனி சாம்பல் நிறம், அம்மா முகம் கறுப்பு, சிரித்தாரா இல்லையா என்றே தெரியவில்லை. மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் நடுச்சாம்பல்தான். வெள்ளைவெளேரென்று எதைக் காட்டினாலும் இருட்டாக்கிவிடும். பனியில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டிக் கொடுங்கள். கலர் நெகட்டிவ் என்றால் கொஞ்சம் கூடினாலும் தாங்கும், ஸ்லைடு அரை ஸ்டாப் பிசகினாலே முகத்தில் காட்டிவிடும். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் மாற்று பேட்டரியைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வையுங்கள். நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 மாதிரி ஷட்டர் முழுக்க இயந்திரம் என்றால் மீட்டர் செத்தாலும் படம் எடுக்கலாம். கடுங்குளிரில் ரீவைண்டை வேகமாகச் சுற்றக் கூடாது, நிலைமின்சாரம் பொறிந்து ஃபிலிமில் மின்னல் கோடு விழும். கூடாரத்துக்குள் நுழைவதற்கு முன் கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், ஈரம் பைமேல் படியட்டும், லென்ஸில் வேண்டாம். அப்புறம் உயரத்தில் புற ஊதா அதிகம், தூரத்து மலையெல்லாம் நீலம் பாயும்...

பாதி ரோல்
குமிழ் பார் அவர்களே, இங்கே யாரும் வகுப்பு கேட்கவில்லை. தளர்வை எடுக்காமல் விட்டால் முதல் ரெண்டு மூன்று இழுப்புக்கு, ஒழுங்காக மாட்டிய ஃபிலிமிலும் குமிழ் ஆடாது. பதறிப் போய்ப் பின்மூடியைத் திறந்தவன் நான்தான். அப்படித் திறந்தே பழகிவிட்டதில், ஒரு பயணத்தில் ரீவைண்ட் செய்யாமலேயே முழு ரோலையும் திறந்துவிட்டேன். ரெண்டு விநாடிதான். கடைசியில் எடுத்தவை ஸ்பூலின் வெளிச்சுற்றில் இருந்ததால் அடியோடு போயின. முதலில் எடுத்தவை உள்ளே சுருண்டிருந்ததால் பிழைத்தன. நடுவில் ஒன்று பாதி வெந்திருந்தது. அம்மா தங்கை கையைப் பிடித்து ஓடையைத் தாண்டுகிறார், இடது ஓரத்திலிருந்து ஆரஞ்சுத் தீ பரவி வருகிறது. அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "விடியக்காலையில எடுத்தது" என்று வேறு சொல்கிறார். அது உச்சி வெயில்.

மேகமூட்டம்
குமிழ் பார் கேட்டதற்கு: தூக்கிப் போடவில்லை. வெளிச்சம் பட்டது நுனியில்தான், மீதி கேசட்டுக்குள் பத்திரமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அதே ரோலை மறுபடி மாட்டினேன், இந்தத் தடவை குமிழைப் பார்த்துக்கொண்டே. இறங்கும்போது நான்தான் கடைசி ஆள், அதனால் 36இலும் முதுகுகள். அப்பாவின் முதுகு மட்டும் 11. அவற்றில் ஒன்றில், நான் பின்தங்கிவிட்டேனோ என்று அரைவாசி திரும்பிப் பார்க்கிறார். ஃபோகஸ் பின்னாலிருந்த புதரில் விழுந்திருக்கிறது.