அக்காளின் மரபணு அறிக்கையைத் தம்பியிடம் சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தாய்மாமன் மகனை மணந்த என் அக்காளின் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. பாளையங்கோட்டை மருத்துவர் சொல்லி மரபணுச் சோதனை செய்ததில், கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான ஜிஜேபி2 மரபணுவில் பெற்றோர் இருவருமே ஒரே பிறழ்வைச் சுமப்பவர்கள் என்று தெரிந்தது. அவர்களுக்குச் செவித்திறனில் ஒரு குறையும் இல்லை; ஆயினும் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தை கேளாமையோடு பிறக்க 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. உறவினரிடமோ, கர்ப்பகாலத்தில் வந்த காய்ச்சல்தான் காரணம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இப்போது அதே மாமன் மகளை என் தம்பிக்குப் பேசி, தை மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். தம்பியிடமும் அந்தப் பெண்ணிடமும் அப்பிறழ்வு இருக்கத் தலா பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அக்காளோ, "கல்யாணத்தைக் கலைத்தவள் என்ற பேர் எனக்கு வேண்டாம்" என்கிறாள். அறிக்கை அவளுடையது, அவள் சம்மதமின்றி வெளியிடுவது முறையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ரத்தம் தம்பிக்கும் உரியதல்லவா? திருமணத்தை நிறுத்துவது என் நோக்கமன்று (கேளாமையோடு நன்றாக வாழ்கிறவர்களை அறிவேன்). அவர்கள் தெரிந்து முடிவெடுக்க வேண்டும், அவ்வளவே.

அறிக்கையைக் காட்டாமலே இருவரையும் சோதனைக்கு அழைத்துச் சென்றவர்கள், அல்லது நெல்லை, தென்காசி வட்டாரத்தில் மரபணு ஆலோசனை பெற்றவர்கள் இருந்தால், அதை எப்படிச் செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.