'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்': சௌம்யாவின் மௌனத்துக்குப் படத்தில் காரணம் இருக்கிறதா?

தாமரைக்குளம் எழுதியது:

ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலைச் சென்ற மாதந்தான் முழுமையாக வாசித்து முடித்தேன். 1811-இல் வெளிவந்த அந்த நாவலைத் தழுவி ராஜீவ் மேனன் 2000-ஆம் ஆண்டில் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தைப் பள்ளிப் பருவத்தில் பார்த்திருக்கிறேன். பாடல்களையும் அந்தப் பெரிய வீட்டையும் தவிர வேறெதுவும் நினைவில் தங்கவில்லை. நாவலை முடித்த சூட்டோடு படத்தை மறுபடியும் பார்த்தபோது எழுந்த ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

நாவலில் மூத்தவள் எலினோர் வாய் திறவாமல் இருப்பதற்கு மிக வலுவான காரணம் ஒன்று உண்டு. அவள் மனத்தில் வைத்திருக்கும் எட்வர்டுக்கும் லூசி ஸ்டீல் என்ற பெண்ணுக்கும் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இரகசியமாகத் திருமணம் பேசி முடிவாகிவிட்டது. அதை லூசியே எலினோரிடம் சொல்லி, யாரிடமும் வெளியிடக் கூடாது என்று வாக்கும் வாங்கிவிடுகிறாள். தான் இழந்துவிட்டதாக நம்பும் ஒருவனைப் பற்றி, அதுவும் தன்னைப் பார்த்து "உனக்கு உணர்ச்சியே கிடையாது" என்று குறை சொல்லும் தங்கை மரியானிடங்கூட ஒரு சொல் சொல்ல முடியாமல், மாதக்கணக்கில் அவள் வீட்டுக் காரியங்களைக் கவனித்துக்கொண்டிருப்பதுதான் நாவலின் முதுகெலும்பு என்று எனக்குப் பட்டது.

படத்தில் லூசியே இல்லை. எட்வர்டின் இடத்தில் வரும் மனோகரை யாரும் கட்டிப்போடவில்லை. முதல் படத்தை இயக்கிய பிறகே திருமணம் என்பது அவனாகவே போட்டுக்கொண்ட நிபந்தனை. அப்படியானால் எலினோரின் இடத்தில் இருக்கும் சௌம்யா எதற்காக இவ்வளவு அடங்கிப் போகிறாள்? தபு மிக நன்றாக நடித்திருந்தும் அந்த இணையின் காதல் எனக்கு மெலிந்தே தெரிந்தது. மாறாக, நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஆஸ்டின் அவசரமாகச் சொல்லி முடிக்கும் தங்கையின் காதல், மீனாட்சி–பாலா கதையாகப் படத்தில் நிறைந்து நிற்கிறது. எனக்கு மட்டுந்தான் இப்படித் தோன்றுகிறதா?

திண்ணை வாசகன் எழுதியது:

பாதிதான் ஒத்துக்கொள்வேன். லூசியை எடுத்துவிட்ட இடத்தைப் படம் காலியாக விட்டுவிடவில்லை. சௌம்யாவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வெளிநாட்டில் தற்கொலை செய்துகொண்டதால் அவள் ராசியில்லாதவள் என்ற பெயர் அவள்மேல் விழுந்துவிடுகிறது. நம் வீடுகளில் ஒரு பெண்ணின் வாயைக் கட்டுவதற்கு இரகசிய வாக்குறுதி எதுவும் தேவையில்லை. அந்த ஒரு சொல் போதும். வருகிறவனுக்கும் தன்னால் ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று அவளே பாதி நம்புவதை, மனோகர் நெருங்கி வரும்போதெல்லாம் ஓரடி பின்வாங்கும் தபுவின் உடல்மொழியில் காணலாம். படப்பிடிப்புக்கு வீடு பார்க்க வந்தவனைப் பெண் பார்க்க வந்தவனாக நினைத்து உபசரிக்கும் காட்சியை வெறும் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டவர்கள், அந்த வீடு எவ்வளவு நாளாக ஒரு மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை என்றே சொல்வேன்.

மெலிவு இருப்பது சௌம்யாவிடம் அன்று, மனோகரிடம். எட்வர்டு சாதுவானவன், சற்றே அசமந்தமானவனுங்கூட. ஆயினும் லூசியிடம் இப்போது அன்பில்லை என்று தெரிந்தும், கொடுத்த வாக்கை மீற மனமில்லாமல், தாயின் கோபத்துக்கு ஆளாகித் தனக்கு வரவேண்டிய சொத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறான். எலினோர் எதற்காக அவனை மதித்தாள் என்பது அந்த இடத்தில்தான் நமக்கு விளங்குகிறது. மனோகர் எதை விட்டுக்கொடுக்கிறான்? தன் இலட்சியம் நிறைவேறும்வரை அவளைக் காத்திருக்கச் சொல்கிறான், அவ்வளவுதான். அஜித் அந்தப் பாத்திரத்தை இலகுவாகவும் இனிமையாகவும் செய்திருப்பதால் அந்தக் குறை உடனே உறைப்பதில்லை.

பழைய வழக்கறிஞர் எழுதியது:

காதலைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் உயிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இந்த இரண்டு கதைகளிலும் காதலைத் தொடங்கி வைப்பதும் தடுத்து வைப்பதும் உயில்தான்.

நாவலில் பெரிய தாத்தா ஒருவர், மூன்று பெண் குழந்தைகளும் தாயும் தம்மை அன்பாகக் கவனித்துக்கொண்ட பிறகும், எப்போதாவது வந்து போன ஒரு சிறுவனின் மழலையில் மயங்கிச் சொத்தை அந்த ஆண் வாரிசுக்கே போய்ச் சேரும்படி கட்டிவைத்துவிடுகிறார். எஞ்சிய பத்தாயிரம் பவுனின் வட்டியில், ஆண்டுக்கு ஐந்நூறு பவுனைக் கொண்டு, நான்கு பெண்கள் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது. படத்தில் அந்த மயக்கத்தைக் கோபமாக மாற்றியிருக்கிறார்கள். விருப்பப்படி மணம் செய்துகொண்டு போன மகள், அதாவது சௌம்யாவின் தாய் பத்மாவின் மேலிருந்த ஆத்திரத்தில் தந்தை என்றோ எழுதிய உயில், அவளே அவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட பிறகும் உயிரோடு இருக்கிறது. வாய் பேச முடியாத அந்தக் கிழவர் பெட்டியைக் காட்டிக் காட்டித் தவிப்பதை எவரும் புரிந்துகொள்வதில்லை. மனம் மாறிய பிறகும் எழுதிய காகிதம் மாறாமல் கிடக்கும் கொடுமையை நான் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன். என் கண்ணுக்கு இது மூலத்தைவிட நல்ல மாற்றம்.

"அந்தக் காலத்தில்தான் பெண்களுக்குச் சொத்துரிமை வந்துவிட்டதே, இந்தக் கதை 2000-இல் எப்படிப் பொருந்தும்?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தம், பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கைக் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த நாளுக்கு முன்பே திருமணமான மகளுக்கு அது பொருந்தாது என்று அதே சட்டம் சொல்லியது. பத்மாவின் மகள்கள் கல்யாண வயதில் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சுயசம்பாத்தியச் சொத்தாக இருந்தாலோ உரியவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். ஆகவே அந்தத் தாய் எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியே இருந்திருக்கும்.

மூன்றாம் வரிசை எழுதியது:

பாலாவைப் பற்றித் தாமரைக்குளம் அவர்கள் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன்.

நாவலில் பாலாவின் இடத்தில் இருக்கும் கர்னல் பிராண்டனுக்கு வயது முப்பத்தைந்து. அந்த வயதும், ஒருமுறை அவர் கம்பளி உள்சட்டையைப் பற்றிப் பேசிவிட்டதும், பதினேழு வயது மரியானுக்கு அவரைக் கிழவர் என்று ஒதுக்கப் போதுமான காரணங்கள். கடைசியில் பத்தொன்பது வயதில் அவள் அவரை மணந்துகொள்கிறாள் என்று ஆஸ்டின் நமக்குத் தெரிவிக்கிறார், காட்டுவதில்லை. நான் கல்லூரியில் வாசித்தபோது, அவளை அவருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதி காக்கும் படையில் இருந்து, காலை இழந்து, திரும்பி வந்து பூ வளர்த்துக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கும் மேஜர் பாலாவை நமக்குக் கதாநாயகிகளுக்கு முன்பே அறிமுகப்படுத்திவிடுகிறார்கள். எந்தச் சண்டையில் காலைக் கொடுத்தோம் என்பதைக்கூட ஊர் மறந்துவிட்டது என்ற அவருடைய கசப்பை மம்மூட்டி பெரும்பாலும் கண்களாலேயே காட்டிவிடுகிறார். மீனாட்சி முறையாகச் சங்கீதம் கற்க வேண்டும் என்று அவர் கேட்பதும், அவர் குடியை விட்டால் தானும் கற்கத் தயார் என்று அவள் சொல்வதும் காதல் பேச்சே அல்ல. ஆயினும் ஒருவருக்கு ஒருவர் பட்ட கடன் அந்த இடத்தில் தொடங்குகிறது.

ஈரப்புல்லில் நடந்து காய்ச்சலில் விழும் மரியானுக்காகப் பிராண்டன் செய்வது, இரவோடிரவாக வண்டியில் சென்று அவள் தாயை அழைத்து வருவது. படத்தில் சென்னை மழையில் திறந்து கிடக்கும் சாக்கடைக் குழிக்குள் அவள் விழுகிறாள். செயற்கைக் காலோடு இருக்கும் மனிதர் அவளை மீட்கிறார். சற்று மிகையான காட்சிதான். ஆனாலும் மழைக்காலத்தில் இந்த நகரத்தில் நடந்து பழகியவர்களுக்கு அதில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை.

தாமரைக்குளம் எழுதியது:

திண்ணை வாசகன் ஐயாவுக்கு நன்றி. 'ராசி' என்ற சொல்லின் கனத்தை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. ஒரு சிறு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. சென்னைக்கு வந்து, தொலைபேசி இயக்குபவராகச் சேர்ந்து, மென்பொருள் நிறுவனத்தில் தன் திறமையால் மேலே வந்த பிறகும் சௌம்யா அந்தச் சொல்லை உதறவில்லையே, ஏன்? எலினோருக்குக் கிடைக்காத சம்பளம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகாவது அவள் ஒருமுறை மனோகரிடம் நேரடியாகக் கேட்டிருக்கலாம்.

கோவைக்குயில் எழுதியது:

சம்பளம் வந்தால் பேச்சு வந்துவிடும் என்பது எப்போதும் நடப்பதன்று, அம்மா. நான் முப்பது ஆண்டுகள் வேலைக்குப் போனவள்.

இங்கே இன்னும் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மரியானுக்குக் கவிஞர் கூப்பரையும் ஸ்காட்டையும் உயிருக்குயிராகப் பிடிக்கும். எட்வர்டு கூப்பரை உணர்ச்சியில்லாமல் வாசித்ததையே அவளால் பொறுக்க முடிவதில்லை. அந்த இடத்தில் மீனாட்சிக்குப் பாரதியைக் கொடுத்தார்களே, இந்தத் தழுவலிலேயே மிகச் சரியான முடிவு அதுதான் என்பேன். பாரதியின் கண்ணம்மாவை வரிவரியாக மனப்பாடம் செய்துகொண்டு, அதே வரிகளோடு ஒருவன் வருவான் என்று காத்திருக்கும் பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருத்தியாக நானும் இருந்தேன். 'சுட்டும் விழிச் சுடர்தான்' என்று பாடத் தெரிந்ததாலேயே, தான் முதலில் காதலிக்கும் ஸ்ரீகாந்த் நல்லவன் என்று மீனாட்சி முடிவு கட்டிவிடுகிறாள். கவிதையை ஒப்பிப்பதற்கும் கவிதைக்கு ஏற்ப நடந்துகொள்வதற்கும் உள்ள தொலைவைத்தான் ஆஸ்டினும் எழுதினார்.

தலைப்பையும் கவனியுங்கள். 'நாடினேன் நாடி நான் கண்டுகொண்டேன்' என்று திருமங்கையாழ்வார் பாடுவது, வாடி வருந்தி, காலத்தை வீணாக்கிவிட்டோம் என்று நொந்த பிறகு கிடைத்ததைப் பற்றி. தலைப்பு வைத்தவர்கள் அதை நினைத்தார்களோ இல்லையோ, மீனாட்சிக்கு அது பொருந்துகிறது.

குறையும் உண்டு. 'என்ன சொல்லப் போகிறாய்' பாட்டுக்காகச் சங்கர் மகாதேவனுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு பெண்ணின் பதிலுக்காகத் தவிக்கிற அந்த நல்ல பாட்டை, எதற்காக எகிப்தின் பிரமிடுகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தார்கள்? அவள் மௌனமாக இருப்பது சென்னையில். பாட்டு அவள் முன்னால் நடந்திருந்தால், தாமரைக்குளம் சொல்லும் மெலிவில் பாதி தீர்ந்திருக்கும்.

பழைய வழக்கறிஞர் எழுதியது:

ஸ்ரீகாந்தைப் பற்றி ஒரு பிற்சேர்க்கை. நாவலில் மரியானைக் கைவிட்டுப் போகும் விலோபி ஐம்பதாயிரம் பவுனோடு வரும் பெண்ணை மணப்பது தன் கடனையும் தன் சுகத்தையும் காத்துக்கொள்ள. ஸ்ரீகாந்த் நடத்துவதோ நிதி நிறுவனம். அது கவிழும்போது போட்டவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். செல்வாக்குள்ள இடத்தில் பெண் எடுத்தால் அவர்கள் பணம் திரும்பும் என்ற நிலை வருகிறது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டதையும், அதனாலேயே 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டதையும் நினைவில் வைத்திருப்பவர்கள் அவனை முழுக் கயவன் என்று சொல்லத் தயங்குவார்கள். விலோபி ஒரு பெண்ணைக் கெடுத்துக் கைவிட்டவன் என்ற செய்தியைப் படம் விட்டுவிட்டதும் இதனால்தான் என்று கருதுகிறேன்.

திண்ணை வாசகன் எழுதியது:

தாமரைக்குளம் அவர்களின் கடைசிக் கேள்விக்கு என் பதில்: அவள் கேட்காமல் இருந்ததற்கான கூலிதான் இறுதியில் வரும் அழுகை. நாவலில், லூசி மணந்துகொண்டது எட்வர்டை அல்ல, அவன் தம்பியை என்று தெரிந்ததும் எலினோர் அறையை விட்டு ஏறக்குறைய ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். நாம் வெளியே நிறுத்தப்படுகிறோம். படத்தில் மனோகர் வந்து தன் மனத்தைச் சொல்லும்போது சௌம்யாவுக்கு ஓடி ஒளிய அறை கிடையாது, எல்லோருக்கும் முன்னால் உடைகிறாள். தபு அந்த இடத்தில் அழகாக அழவில்லை. முகம் கோணுகிறது, மூச்சு முட்டுகிறது, சொல் வரவில்லை. அந்த ஒரு நிமிடத்தை மட்டும், ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, இன்னொரு முறை பாருங்கள்.

தாமரைக்குளம் எழுதியது:

நேற்றிரவு அப்படியே பார்த்தேன். மனோகரைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. சௌம்யாவைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.