பக்கத்து பெஞ்சோடு சண்டை போட்ட அனாலிசிஸ் வகுப்பு

சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. மாணவர்களுக்குக் கணிதப் பாடம் எடுக்கிறேன். நான் போர்டில் எழுத, அவர்கள் நோட்டில் இறக்க, பத்து வருஷம் அப்படியே ஓடியது. போன வருஷம் ரியல் அனாலிசிஸில் (எல்லை, ஒருங்குதல் போன்றவற்றைத் துல்லியமாக நிறுவும் பாடம்) மட்டும் மாற்றிப் பார்த்தேன். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991இல் இயற்பியல் வகுப்பில் தொடங்கிய முறைதான்: ஒரு கேள்வி, தனியாக யோசித்து ஓட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு, மறுபடி ஓட்டு. கருவி எதுவும் வேண்டாம். சரி என்றால் ஒரு விரல், தவறு என்றால் இரண்டு விரல், அடுத்தவர் பார்க்காதபடி நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும்.

அன்றைய கேள்வி இது. ஒரு தொடர்முறையில், அதாவது வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும் எண்களில், அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசம் பூஜ்யத்தை நெருங்கிக்கொண்டே போனால், அது ஒருங்குமா, அதாவது ஏதாவது ஒரு எண்ணை நெருங்கிக்கொண்டே போகுமா? ஏறக்குறைய எல்லாரும் ஒரு விரல்.

பேசச் சொன்னேன். ஒரு நிமிஷம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் சத்தம் கிளம்பியது, முழுக்கத் தமிழில். "படி சின்னதாகிட்டே போகுது, ஆனா ஏறிட்டேதானடி இருக்கு?" என்று கடைசி பெஞ்சில் ஒரு மாணவி தோழியை மடக்கியது காதில் விழுந்தது. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள். ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டுமே என்று அதுவரை எழுந்ததே இல்லை. போர்டுக்குக் கூப்பிட்டேன். ரூட் 1, ரூட் 2, ரூட் 3 என்று எழுதிக்கொண்டே போனாள். ரூட் 100க்கும் ரூட் 101க்கும் இடைவெளி 0.05கூட இல்லை. ஆனாலும் அது எங்கேயும் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும்.

மறுநாள் கோஷி தொடர்முறையின் வரையறையை எழுதினேன்: போகப் போக, எந்த இரண்டு உறுப்புகளை எடுத்தாலும் அவை நெருங்கியே இருக்க வேண்டும். அடுத்தடுத்த உறுப்புகள் மட்டும் நெருங்கினால் ஏன் போதாது என்று விளக்க வேண்டிய வேலையே எனக்கு இல்லை.

பாடத்திட்டம் முடியாது என்று துறையில் கவலைப்பட்டார்கள். நியாயம்தான், கடைசி யூனிட்டை ஓட்டமாக ஓடித்தான் முடித்தேன். இருந்தாலும் அந்தப் பேச்சு நேரத்தை நான் விடுவதாக இல்லை.

பதில்:
மேடம், மாணவனாக என் அனுபவம் வேறு. எங்கள் சார் இப்படி நடத்தியபோது, "இவர் பாடமே எடுக்க மாட்டேங்கிறார்" என்று எரிச்சலாக இருந்தது. ஒன்றும் புரியாத மாதிரியே செமஸ்டர் ஓடியது. ஆனால் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்தபோது, திரும்பப் படிக்காமலே எழுத வந்தது அந்த ஒரு பேப்பர்தான்.

பதில்:
தம்பி, ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019இல் வெளியான ஆய்வில் இதேதான் வந்தது. தாங்களே பேசிச் செய்து கற்ற மாணவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள், தேர்விலோ அவர்கள்தான் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். அதனால் இந்த வருஷம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: "முதல் ஒரு மாசம் குழப்பமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க."