சைன்ஃபெல்டில் குழியைக் காணோம், டிவிடியும் ஓடவில்லை

சைன்ஃபெல்ட் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில், 1997-இல் வந்த 'தி பாட்ஹோல்' எபிசோடில் ஜார்ஜின் சாவி சாலைக் குழியில் விழுந்துவிடும். அவனும் நண்பன் ஜெர்ரியும் குனிந்து பார்ப்பார்கள். ஸ்ட்ரீமிங்கில் குழியே இல்லை! பழைய டிவி வடிவமான 4:3 படத்தை, இன்றைய அகலத் திரைக்கான 16:9 ஆக்க மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். கதையே அந்தக் குழிதானே?

டிவியில் 4:3 வைத்துப் பார்த்தேன், முகங்கள் ஒல்லியானதுதான் மிச்சம். லேப்டாப்பிலும் அதே வெட்டு.

அப்புறம் போன மாதம், முழுச் சட்டகத்தோடு இருக்கும் 8-ஆம் சீசன் டிவிடியை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். அது ரீஜன் 1, அதாவது அமெரிக்கப் பகுதி பிளேயர்களில் மட்டும் ஓடும்படி பூட்டப்பட்ட வட்டு. சென்னையில் வாங்கிய என் 2009 மாடல் பிளேயர் இந்தியாவுக்கான ரீஜன் 5. வட்டைப் போட்டால் ரீஜன் தவறு என்று காட்டி வெளியே தள்ளுகிறது. லேப்டாப் டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்றலாம், 4 முறை ஏற்கெனவே தீர்ந்துவிட்டது.

பழைய பிளேயரை எல்லா ரீஜன் வட்டும் ஓடும்படி மாற்ற வழி உண்டா?