வயல் காவலில் கூத்துக் கேட்க எந்தப் பிளேயர் நல்லது?

படுவான்கரைப் பொடியன்:
எங்கள் வயல் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே. முன்மாரி நெல் குடலைக்கு, அதாவது கதிர் பொதிக்கும் பருவத்துக்கு, வந்ததில் இருந்து அப்பா இரவில் பரணில்தான், யானைக் காவல். ஊரில் விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்தொன்றை (எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்து வகை) பதிந்த ஆறு கசற் அவரிடம் இருக்கிறது, ஒவ்வொன்றும் 90 நிமிடம். அதைப் போனில் ஏற்றிக் கொடுத்தேன், நடுச்சாமத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது, பிறகு அவசரத்துக்கு எங்களைக் கூப்பிடவும் வழியில்லை. பாட்டுக்கென்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். தொடுதிரை சரிவராது, மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், இருட்டில் தடவியே அழுத்தக்கூடிய பொத்தான் வேண்டும். ஐபாட் தேடலாமா, சோனி வோக்மன் நல்லதா?

வாவிக்கரையான்:
தம்பி, ஐபாடை விடுங்கள். ஆப்பிள் 2022 மே மாதத்தோடு அதை நிறுத்திவிட்டது, இப்போது கிடைப்பதெல்லாம் பழையது, உள்ளே பற்றரியும் களைத்திருக்கும். சோனி நல்ல சாமான்தான், ஆனால் இப்போது வரும் வோக்மன்களில் பல அன்ட்ரொயிட் தொடுதிரை, அப்பாவுக்கு அது போன் மாதிரியேதான். சான்டிஸ்க் கிளிப் ஜாம் மாதிரி சின்னதாகப் பொத்தானோடு இருப்பதைப் பாருங்கள், 18 மணித்தியாலம் வரை ஓடும் என்று கம்பனி சொல்கிறது. வாங்கும்போது ஒன்றை மட்டும் கடையிலேயே சோதியுங்கள்: நிறுத்திய இடத்தில் இருந்தே திரும்பத் தொடங்குமா? ஒன்றரை மணித்தியாலக் கசற்றை ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து ஓட்டச் சொன்னால் மனுசன் வெறுத்துப்போவார். கிளிப்பில் ஓடியோபுக் போல்டருக்குள் போட்டால் விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருக்கும்.

அக்கரைப்பற்று நானா:
எல்லாம் சரி, ஆனால் யானைக் காவலில் இருக்கிறவருக்கு இரண்டு காதிலும் ஹெட்செட் வேண்டவே வேண்டாம் தம்பி. எங்கள் வாப்பாவும் வயல் காத்தவர், கரைப் பற்றையில் கம்பு முறியும் சத்தம் கேட்டுத்தான் எழும்புவார், காதை அடைத்தால் அது கேட்காது. கிளிப் ஜாமில் ஸ்பீக்கர் இல்லை. அதனால் மெமரி காட் போடுகிற சின்ன ரேடியோவைத்தான் நான் சொல்வேன். அவற்றில் பலதில் பழைய நொக்கியா போனின் பிஎல்-5சி பற்றரிதான் இருக்கும், கழற்றி மாற்றலாம், இரண்டு வாங்கிக் கொடுத்தால் ஒன்று வீட்டில் சார்ஜ் ஆகும், மற்றது பரணில். சத்தம் கொஞ்சம் தகரமாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கசற்பெட்டி:
நான் கல்முனையில் பழைய கசற்றுகளைக் கொம்பியூட்டருக்கு மாற்றிக் கொடுக்கிறேன். எம்பி3 ஆக்கும்போது ஒலித் தரத்தை 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்காதீர்கள், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் தப்பிப் பிழைக்கும், ஆனால் சல்லரித் தாளம் தண்ணீருக்குள் கேட்பதுபோல் சலசலக்கும். 192 போதும், ஆறு கசற்றும் சேர்ந்து 800 எம்பிக்குள் அடங்கிவிடும். அதனால் பெரிய காட் தேவையில்லை, 32 ஜிபியைத் தாண்டாதீர்கள், 64 போட்டால் மலிவான பிளேயர்கள் பல அதை வாசிக்காது. ஒரு கடையில் நான் வாங்கிய 64 ஜிபி காட்டில் உண்மையில் 8 ஜிபிதான் இருந்தது, அதற்குமேல் ஏற்றியதெல்லாம் போய்விட்டது. ஆகவே கசற்றைக் கவனமாக வையுங்கள், கொம்பியூட்டரிலும் ஒரு பிரதி வேண்டும். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் சில பிளேயர்கள் வெறும் கட்டம்தான் காட்டும், 01, 02 என்று இலக்கம் போடுங்கள்.

படுவான்கரைப் பொடியன்:
நானா, காது விசயம் எனக்கு யோசனையிலேயே வரவில்லை, மெத்தப் பெரிய உதவி. ஒரு காதில் மட்டும் ஹெட்செட் போட்டால் கிளிப் ஜாம் சரிவருமா? அந்தத் தகரச் சத்தத்தில் மத்தளம் அடிபட்டுப் போகுமே என்றுதான் கேட்கிறேன்.

கசற்பெட்டி:
சரிவரும், ஆனால் மாற்றும்போது மோனோவாக்கிவிடுங்கள், அதாவது இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கிவிடுங்கள், ஓடாசிட்டி என்ற கொம்பியூட்டர் மென்பொருளில் இலவசமாகவே செய்யலாம். ஸ்டீரியோவாக விட்டால் மற்றக் காதுக்குப் போகிற பாதியை அப்பா கேட்கவே மாட்டார். மோனோவுக்கு 96 கேபிபிஎஸ் போதும்.

அக்கரைப்பற்று நானா:
அந்த ஒரு காதும் வீட்டுப் பக்கம் பார்த்த காதாக இருக்கட்டும், காட்டுப் பக்கக் காது திறந்தே இருக்க வேண்டும். அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.