ஆர்டர் இன் கவுன்சில் = நம்ம ஆர்டினன்ஸா?

முனிர்கா_தேர்வர் (டெல்லி):
பிரிட்டனின் ஆர்டர் இன் கவுன்சிலையும் (மன்னர் தன் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் வழியாகப் பிறப்பிக்கும் ஆணை) நம்ம அரசியலமைப்பின் 123-ஆம் பிரிவு அவசரச் சட்டத்தையும் (ஆர்டினன்ஸ்) ஒன்றாக வைத்து மெயின்ஸில் எழுதலாமா?

ஆர்கேபுரம்_வாத்தியார்:
எழுதாதீங்க தம்பி, மார்க் போயிடும். அங்கே வரைவு முழுக்க அமைச்சகத்தின் வேலை. பிரிவி கவுன்சிலில் குறைந்தது 3 உறுப்பினர், எல்லாரும் நின்றபடியே கூடுவார்கள். தலைப்பை மட்டும் வாசிப்பார்கள், மன்னர் ‘ஒப்புதல்’ என்பார், முடிந்தது. வகை இரண்டு: நாடாளுமன்றச் சட்டம் தந்த அதிகாரத்தில் பிறப்பது ஒன்று, மன்னரின் தனியுரிமையில், அதாவது மரபாக அவருக்கு உள்ள அதிகாரத்தில் பிறப்பது இன்னொன்று. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். தனியுரிமையை வைத்து நாட்டின் சட்டத்தை மாற்ற முடியாது. 1610-லேயே நீதிமன்றத்தில் தீர்ந்த விஷயம்.

கரோல்பாக்_வக்கீல்:
2019-ஐயும் சேருங்க. பிரிட்டன் நாடாளுமன்றத்தைச் சுமார் 5 வாரம் முடக்கிய ஆர்டர் இன் கவுன்சில் செல்லாது என்று செப்டம்பர் 24 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். முடக்கத்தை அறிவிக்க வந்த மன்னர் தரப்பு ஆணையர்கள் வெற்றுத்தாளை ஏந்திக்கொண்டு அவைக்குள் போனதற்குச் சமம் என்றது தீர்ப்பு. அருமையான வரி, அப்படியே நினைவில் வையுங்க.

முனிர்கா_தேர்வர்:
நன்றிங்க சார். அப்போ நம்ம ஆர்டினன்ஸ்?

ஆர்கேபுரம்_வாத்தியார்:
அது சட்டத்துக்கே சமம். இரு அவைகளும் அமர்வில் இருந்தால் போட முடியாது. அவைகள் மீண்டும் கூடி 6 வாரத்துக்குள் நிறைவேற்றாவிட்டால் காலாவதி.