சென்னைக்கு சைக்கிள் தடம்: யாருக்கு, எங்கே?

மாம்பலத்தான்:
பாண்டி பஜாரில் கார் நிறுத்தும் இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கப் போகிறார்கள் என்றதும் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. 2019 நவம்பரில் திறந்தார்கள். மாலையில் போய்ப் பாருங்கள், நிற்க இடமில்லை. அதே துணிச்சலோடு அண்ணா நகர், அடையாறு, பெரம்பூர் சாலைகளில் ஒரு பக்கத்து பார்க்கிங்கை எடுத்துவிட்டு சைக்கிள் தடம் போட வேண்டும் என்கிறேன். மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014-லேயே கொள்கை வகுத்துவிட்டது. அதில் சைக்கிள்காரனுக்குக் கிடைத்தது என்ன?

கடைவீதி:
நடைபாதையும் சைக்கிள் தடமும் ஒன்றில்லை சார். நடந்து வருகிறவர் கடைக்குள் நுழைவார். சைக்கிளில் வருகிறவர் எங்கே இருக்கிறார்? மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு யார் மிதிப்பார்? ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் லட்ச ரூபாய் சைக்கிளில் ஈசிஆர் போகிறவர்களுக்காக, நான் சரக்கு இறக்கும் இடத்தைக் கேட்கிறீர்கள்.

வியாசர்பாடி:
அண்ணே, சைக்கிள்காரர் யாருமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பேப்பர் போடும் பையன், டீ கேன் கட்டிக்கொண்டு வருகிறவர், ராத்திரி டூட்டி முடித்த வாட்ச்மேன், கட்டட வேலைக்குப் போகிற ஆட்கள், இவர்களெல்லாம் எதில் வருகிறார்கள்? உங்கள் கடையைத் திறக்கும் முன்பே பாதிப் பேர் போய்விடுவதால் கண்ணில் படுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயம் தவிர்த்த வேலைகளுக்கு சைக்கிளில் போகிறவர்கள் நாடு முழுக்க சுமார் 2.6 கோடி. காரில் போகிறவர்கள் அதில் கால் பங்குகூட இல்லை. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு சைக்கிளும் கொடுக்கிறோம். அதை லாரிக்கு நடுவில்தான் ஓட்ட வேண்டும்!

ஆனால் மாம்பலத்தாரே, உங்கள் பட்டியலில் அண்ணா நகரும் அடையாறும் முதலில் வருவது ஏன்? அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலைகளைச் சொல்ல வாய் வரவில்லையா?

மாம்பலத்தான்:
அம்பத்தூரில் தொடங்கினால் எனக்கு இரட்டிப்பு சந்தோஷம். வெயிலுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் செவில் நகரத்தில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே 2006-லிருந்து நான்கைந்து வருடங்களுக்குள், ஒன்றோடொன்று இணையும்படி சுமார் 120 கிலோமீட்டருக்குத் தடம் போட்டார்கள். அதற்கு முன்னால் சைக்கிள் அங்கே பெயரளவில்தான். அப்புறம் பல மடங்கு கூடியது. இங்கே துண்டு துண்டாக 300 மீட்டருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, யாரும் வரவில்லை என்று முடிவு கட்டுகிறோம்.

சாலைப்பணி:
சாலை வேலையில் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன். செவிலில் இவ்வளவு டூவீலர் கிடையாது. நமக்குச் சரியான பாடம் டெல்லிதான். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008-ல் பேருந்துத் தடத்தோடு சைக்கிள் தடமும் கொண்டுவந்தார்கள். நெரிசல் வந்ததும் பைக்குகள் அதில் புகுந்தன. கார்க்காரர்களின் எதிர்ப்பு வேறு. கடைசியில் 2016-ல் மொத்தத்தையும் பெயர்த்தெடுத்தார்கள்.

பைக் நுழையாமல் தடத்தின் வாயில் கம்பம் நட்டால் போதும் என்பீர்கள். சைக்கிள் ஹேண்டில்பாரும் பைக் ஹேண்டில்பாரும் ஏறக்குறைய ஒரே அகலம். சைக்கிள் நுழையும் சந்தில் ஸ்கூட்டியும் நுழையும். இடைவெளியைக் குறைத்தால் தண்ணி கேன் கட்டிய சைக்கிளும் மீன்பாடி வண்டியும் மாட்டிக்கொள்ளும். யாருக்காகப் போடுகிறோமோ அவர்களே வெளியில் நிற்பார்கள்.

என் கட்சி வேகத்தைக் குறைப்பது. 50-ல் வரும் வண்டியின் மோதல் ஆற்றல் 30-ல் வருவதைப் போல கிட்டத்தட்ட 2.8 மடங்கு. பாரிஸ் 2021-ல் பெரும்பாலான தெருக்களுக்கு 30 என்று வைத்துவிட்டது. சென்னையிலும் 2023-ல் குடியிருப்புப் பகுதிகளுக்கு அதே 30-ஐ அறிவித்தார்கள், யாருக்காவது நினைவிருக்கிறதா?

கடைவீதி:
இது நியாயம். வேகத்தடை போடுங்கள், கடைக்காரர்கள் குறுக்கே நிற்க மாட்டோம்.

வியாசர்பாடி:
எந்த வேகத்தடை? ராவோடு ராவாகத் தார் கொட்டி எழுப்புகிற அந்தக் கூர்மேடா? பைக்கில் ஷாக் அப்சார்பர் இருக்கிறது, துள்ளிக்கொண்டு போய்விடுவான். சுமையோடு வரும் சைக்கிளுக்குத்தான் இடுப்பு ஒடியும்.

சாலைப்பணி:
விதிப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மெதுவாக ஏறினால் சைக்கிளுக்கு உறுத்தாது, வேகமாக வந்தால் காருக்குத் தூக்கிப்போடும். பள்ளி வாசலில் அதையே இன்னும் அகலமாக்கி, நடந்து கடக்கும் மேடையாகவும் கட்டலாம். நம் ஊரில் இரண்டையும் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

மாம்பலத்தான்:
உள்தெருவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாரியும் பேருந்தும் ஓடும் பெரிய சாலையில் மேடு போட முடியுமா? அங்கே தடம் இல்லாமல் வேறு வழியில்லை. டூவீலர் புகுந்தால் அபராதம் போடட்டும். ஒருவழிப் பாதையில் எதிரே வந்தால் கேமரா பிடிக்கவில்லையா?

சாலைப்பணி:
கேமரா சிக்னலில்தானே இருக்கிறது. நடுவில் இரண்டு கிலோமீட்டருக்கு யார் பார்ப்பது? அகலத்தைக் கொடுத்துவிட்டுக் காவலும் வைக்காவிட்டால், அது பைக்குக்கு நாம் போட்டுக்கொடுத்த இன்னொரு லேன்தான்.

கடைவீதி:
அதோடு பெரிய சாலையில் பார்க்கிங்கை எடுத்தால் என் வாடிக்கையாளர் காரை எங்கே விடுவார் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

வியாசர்பாடி:
காசு கொடுத்து விடட்டும் அண்ணே. பொது ரோட்டில் நாள் முழுக்க ஓசியில் நிற்கிற காருக்கு இடமிருக்கிறது, ஓடுகிற சைக்கிளுக்கு இல்லையா? சரி, உங்கள் தெருவில் நிற்கிற கார்களில் எத்தனை வாடிக்கையாளருடையது, எத்தனை கடை முதலாளிகளுடையது? அதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.